மாமனாரின் மூன்றாவது படம்

தூன்ஷி நகரம்,
சிங்மிங் கல்லறைத் திருநாளுக்கு இருபது நாள் முன்பு.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான், செங் குல மண்டபச் சீரமைப்புக் குழுத் தலைவர் செங் குவாங்ஹோவ் அவர்களுக்கு, உங்கள் தங்கை சூயுனின் வீட்டுக்காரன் துன் வணக்கத்துடன் எழுதும் கடிதம். இங்கே எங்கள் இருவருக்கும் முழங்கால்கள் நீங்கலாக மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பேரப் பிள்ளைகளும் மலைச்சரிவுத் தேயிலைச் செடிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய உலர்ந்த மூங்கில் குருத்து வந்து சேர்ந்தது. நேற்று அதைப் பன்றி இறைச்சியோடு சேர்த்துச் சமைத்தோம். சூயுன் மிக அருமையாகச் சமைத்தாள்.

மச்சான், முதலில் ஒரு சந்தோஷச் செய்தி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. உங்கள் மலைப் பேச்சில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன். தூக்கத்தில் உளறுவதும் அதில்தான் என்று சூயுன் சொல்கிறாள். எழுத்து மட்டும் ஏறவே இல்லை. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, மின்சாரக் கட்டண அறிவிப்பு எல்லாவற்றையும் அவளே படித்துச் சொல்லிவிடுவாள், நானும் சோம்பேறியாக இருந்துவிட்டேன். போன இலையுதிர் காலத்தில் முதியோர் பள்ளியில் எழுத்தறிவு வகுப்பு ஆரம்பித்தார்கள், போய்ச் சேர்ந்தேன். என்னோடு மூன்று அம்மாள்கள் படிக்கிறார்கள். அவர்களில் ஊறுகாய்க் கடை யூ அம்மாள் முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்லதான் பொட்டப் புள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்பலே. உன்னை ஏன் அனுப்பலே?" என்று கேட்டார். நான் ஸ்காட்லாந்தில் பல்கலைக்கழகம் வரை போனவன், இங்கே கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் என்றேன். "அது வேற எழுத்துல்ல. அது கணக்குல வராது," என்று சொல்லிவிட்டார். வகுப்பில் இன்று வரை அவர்தான் முதல், நான் மூன்றாவது. ஆனாலும் போன மாதம் பஸ்ஸில் வரும்போது, முப்பது வருஷமாக ஒரு வளைந்த கற்பூர மரத்தை அடையாளம் வைத்து இறங்கிக்கொண்டிருந்த நிறுத்தத்தின் பெயரை நானாகவே படித்துவிட்டேன். பஸ்ஸிலேயே கைதட்டினேன். ஓட்டுநர் யாரோ கதவு திறக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மண்டபத்து முன்னோர் வரிசையில் மாமாவின் படத்தை எப்படி மாட்டப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் நான் போன் செய்தேன். நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமாக் குழுவுக்கு வரட்டும். நீதான் நல்லா எழுதுவியே," என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தைகளை ஏன் அவ்வளவு கசப்போடு சொன்னீர்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே இது குழுவுக்கு எழுத்து மூலமான என் விண்ணப்பம். சிங்மிங் அன்று கல்லறைகளைத் துடைத்துவிட்டு மண்டபத்தைத் திறக்கும்போது, நம் கிளையின் இடத்தில், கோட்டும் டையும் கட்டிய கணினிப் படத்தை மாட்ட வேண்டாம். நான் எண்பத்தைந்தில் எடுத்த மூன்று படங்களில் மூன்றாவதை மாட்ட வேண்டும். நீங்கள் குழுத் தலைவராக இருப்பது செங் குலத்துக்கே பெருமை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கணினிப் படத்தை நீங்கள் போனில் அனுப்பியிருந்தீர்கள். அடையாள அட்டையில் நகத்தளவு இருந்த முகத்தைப் பெரிதாக்கி, சுருக்கங்களைத் தேய்த்து, கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வங்கி மேலாளரின் உடம்பை ஒட்டியிருக்கிறார்கள். தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் தராசு பிடித்த மனிதர், மச்சான். மூட்டைக்கு அடியில் ஈரத் தேயிலை இருந்தால் கூடையைத் தூக்காமலே கண்டுபிடித்து, கொண்டு வந்தவனின் பாட்டனார் பெயரையும் சேர்த்துத் திட்டுகிறவர். இந்தப் படத்தில் அவர் கடன் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

எண்பத்தைந்தாம் வருஷம், பிளம் பழ மழைக்காலம். சூயுன் அப்போது எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தாள், என்னை உங்கள் வீட்டுக்கு முதல் முறை அழைத்து வந்தாள். என் கழுத்தில் ஷாங்காயில் செய்த இரட்டைக்கண் கேமரா தொங்கியது. அதைப் பிடித்திருந்தவர்களுக்குத் தெரியும், அதைக் கண்ணுக்கு நேரே தூக்க மாட்டார்கள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். எதிரே இருப்பவர் உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவார். எனக்கு அந்தக் கேமரா பிடித்ததே அதனால்தான். துப்பாக்கி மாதிரி யாரையும் குறிபார்க்க வேண்டியதில்லை, மரியாதையாகத் தலை குனிந்து எடுக்கலாம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா நடுக்கூடத்தில், கிழக்குப் பக்கத்து நாற்காலியில், சுவரில் தொங்கிய மலைச் சித்திரத்துக்குக் கீழே முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நல்ல படமாக ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நேரே போய் நின்றேன். கால்களைச் சேர்த்து வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தேன், அழுத்தினேன், நிமிர்ந்தேன், ஃபிலிமைச் சுற்றினேன். மறுபடி குனிந்தேன், நிமிர்ந்தேன். மூன்றாவது தடவையும் குனிந்தேன்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் உங்கள் சின்னத் தாத்தாவை அடக்கம் செய்திருந்தீர்கள். ஊரே வரிசையில் வந்து, சுவரில் சாய்த்திருந்த அவர் படத்துக்கு முன்னால் கால் சேர்த்து நின்று, பேசாமல், மூன்று முறை குனிந்து நிமிர்ந்து போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? முதல் குனிவில் மாமாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இரண்டாவதில் நெற்றி சுருங்கியிருக்கிறது. மூன்றாவதில் கால் செருப்பு கைக்கு வந்துவிட்டது. "நான் உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எனக்கு எழவுக் கும்பிடு போடறான். எங்கடி புடிச்சே இவனை?" என்று அவர் கத்தியது அடுத்த வீட்டு வாத்துகளையும் கிளப்பிவிட்டது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "அவன் பொட்டியத்தான் பாக்கறான், உங்கள இல்ல," என்று சமாதானம் சொல்லப் போய், அது இன்னும் மோசமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தவன் பெரியவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று இரண்டாவது குற்றமும் சேர்ந்துகொண்டது. அன்று நான் சாப்பிட்டது வாசலுக்கு வெளியே, குடைக்குக் கீழே.

அந்த நாளிலிருந்து மாமா கேமரா முன்னால் வரவே மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார். எங்கள் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அவர் இருக்கிறார்: ஒன்றில் முதுகு, ஒன்றில் பனையோலை விசிறி, ஒன்றில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இரண்டு கால்கள். அடையாள அட்டைக்காரர்களிடம் மட்டும்தான் அவர் ஜம்பம் பலிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மச்சான். நான் இந்த நாட்டுக்குப் படம் எடுக்க வந்ததே மனிதர்களுக்காக அல்ல. உங்கள் ஊரில் கூரைக்கு மேலே படிப்படியாக ஏறும் குதிரைத்தலைச் சுவர்களும், மண்டபத்து மரச் சிற்பக் கதவுகளும், கூரை முனையில் உட்கார்ந்திருக்கும் மீன்களும்தான் எனக்கு வேண்டியிருந்தன. பத்து வருஷத்தில் அழிந்துவிடும், அதற்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று பதறிக்கொண்டிருந்தேன். நான் கேமராவைத் திறந்தால் போதும், யாராவது வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொள்வார்கள். கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து நிற்பார்கள். கொஞ்சம் நகருங்கள், கொஞ்சம் நகருங்கள் என்று சொல்வேன். அவர்களும் கோபிக்காமல் நகர்ந்து, நான் எடுத்து முடிக்கும்வரை சுவரோரமாகக் காத்திருந்து, அப்புறம் வீட்டுக்கு வந்து அரிசிப் பலகாரம் சாப்பிடு என்று கூப்பிடுவார்கள். இப்போது மாவட்டத்தார் பட்டியலில் சேர்த்து, கல்வெட்டு வைத்து, கதவுகளைப் புதிதாகச் செதுக்கி, பழையதைவிடப் பழையதாகச் சாயம் பூசிவிட்டார்கள். என் படங்களைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள், எனக்குச் சந்தோஷம்தான். கதவு திரும்பி வந்துவிட்டது. நகரச் சொன்னேனே, அவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. என்னிடம் அந்தக் கதவு நாற்பது படங்களில் இருக்கிறது. அவற்றில் உங்கள் அம்மா ஒரே ஒரு படத்தில், அதுவும் ஓரத்தில் பாதியாக இருக்கிறார். இப்போது அந்தப் பாதியைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

சரி, பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். எங்கள் அலமாரி மேலே ஒரு நிலாப்பலகாரத் தகர டப்பா இருக்கிறது. மாமா மாதா மாதம் எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. வந்தவுடன் சூயுன் எனக்குப் படித்துக் காட்டுவாள். பிறகு என் பெயரில் அவளே பதில் எழுதுவாள், நான் அடியில் என் பெயரை மட்டும் வரைவேன். மாமாவின் எழுத்து தராசுக்காரர் எழுத்து, அச்சடித்த மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல. போன மாதம் ஒரு மழை நாளில், பாடப் பயிற்சியாக இருக்கட்டுமே என்று டப்பாவை இறக்கினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒரு கடிதத்துக்கு ஒரு முழுக் காலை ஆனது. முதல் கடிதம் எண்பத்தேழாம் வருஷத்துக் குளிர்காலம். அன்று சூயுன் படித்துக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: மருமகனுக்கு நம் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று அப்பா கவலைப்படுகிறார். கடிதத்தில் இருப்பது: "அந்தக் குனியறவன் குளிர் தாங்காம ஊருக்கு ஓடிட்டானா இல்லியா?"

மச்சான், நான் நாற்காலியிலிருந்து விழாததுதான் மிச்சம். கைக்கு வந்த இன்னொன்றை எடுத்தேன். "சிகரெட்டை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய், நல்லது," என்று இருந்தது. நான் வாழ்நாளில் சிகரெட் தொட்டதில்லை. குடிக்காத சிகரெட்டை எண்பத்தொன்பதில் விட்டிருக்கிறேன். மற்றொன்றில், "அன்று நடந்ததைத் தினமும் காலையில் எழுந்து நினைத்து வெட்கப்படுவதாக எழுதியிருந்தாய். தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை போதும்," என்று இருந்தது. பதினைந்து வருஷம் நான் வெட்கப்பட்டிருக்கிறேன், மச்சான், எனக்கே தெரியாமல். உங்கள் தங்கை இந்தப் பக்கம் அவர் திட்டியதைப் பாசமாக்கி எனக்குப் படித்திருக்கிறாள். அந்தப் பக்கம் என் அசட்டுப் பேச்சைப் பணிவாக்கி அவருக்கு எழுதியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் நடுவில் அவளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நல்லவர் என்று நம்பியிருக்கிறோம். அவளைப் போல ஒரு மனைவி யாருக்கும் கிடைக்க மாட்டாள்.

அதற்கடுத்து எடுத்த கடிதத்தில்தான் உங்கள் கசப்புக்குக் காரணம் கிடைத்தது. "உன் கையெழுத்தை நிலையத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் எழுதுகிறான், நீ எழுதுவதைப் பார் என்று குவாங்ஹோவிடம் சொன்னேன். அதைப் பார்த்துத் தினம் ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்." அப்போது உங்களுக்கு இருபத்தொன்பது வயது, கையில் ஒரு மகள். மாமாவுக்குத் தினம் ஒரு பக்கம் எழுதிக் காட்டியிருக்கிறீர்கள். என்னை மன்னியுங்கள். அது என் கையெழுத்தே இல்லை, உங்கள் சொந்தத் தங்கையின் கையெழுத்து. என் கையெழுத்தைப் பார்த்தால் நீங்கள் முப்பத்தைந்து வருஷக் கோபத்தையும் மறந்து சிரிப்பீர்கள்.

கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். மாமா போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் எழுதியது. எனக்கு அல்ல, சூயுனுக்கு. அவள் இதை எனக்குப் படித்துக் காட்டவே இல்லை. நான் மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். ஒரு எழுத்துக்கூட விடாமல் அப்படியே எழுதுகிறேன்:

"சூயுன், முப்பது வருஷம் தராசு புடிச்சவன் நான். மருமகன் கடுதாசியில எவ்வளவு அவன் எடை, எவ்வளவு உன் எடைன்னு எனக்குத் தெரியாதா? உன் கையைப் புடிச்சுத் தூரிகை ஓட்டச் சொல்லிக் குடுத்தவன் நான்தானே. அவன்கிட்ட சொல்லிடாத, எழுதறத நிறுத்திடப் போற. நீ ரகசியமா அனுப்பின மூணு படத்தையும் தலகாணிக்கு அடியில வெச்சிருக்கேன். மொதப் படத்துல ஏற்கனவே செவுத்துல ஏறிட்டவன் மாதிரி உக்காந்திருக்கேன். ரெண்டாவதுல முட்டாளாட்டம் இருக்கேன். மூணாவதுதான் நான். நாளைக்கு மாட்டறதா இருந்தா அதை மாட்டுங்க. உங்கண்ணன் வேணாம்பான், அதுல அவனும் இருக்கான்ல. இருக்கட்டும். அந்தப் பய என் எதிர்ல சிரிச்சது அந்த ஒரு தடவைதான். நான் அப்படி வளத்துட்டேன்."

ஆம் மச்சான், அந்தப் படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். மாமா எழுந்து நிற்கிறார், செருப்பு தலைக்கு மேலே, வாய் திறந்து, கண் இரண்டும் விளக்கு மாதிரி எரிகிறது. அவர் தோளுக்குப் பின்னால், செருப்புக்கு நேர் கீழே, கையில் சோற்றுக் கிண்ணத்தோடு நீங்கள். இருபத்து நான்கு வயது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறீர்கள். வாயில் இருக்கும் சோறு கூடத் தெரிகிறது. மூத்த மகன், இன்று குழுத் தலைவர், அப்பாவுக்கு அவமானம் நடக்கும்போது பின்னால் நின்று சிரித்தான் என்று ஊர் பார்க்குமே என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குத் தெரியும். உங்களை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று ஸ்டூடியோவில் கேட்டேன். அது சதுரப் படம். உங்களை வெட்டினால் செருப்பும் போய்விடும். செருப்பு போனால் மாமா யாரையோ வரவேற்கிற மாதிரி இருக்கிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சூயுனிடம் போனேன். அவள் மூங்கில் குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இதை ஏன் மறைத்தாய், அடக்கத்தன்றே அண்ணனிடம் காட்டியிருக்கலாமே என்றேன். கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: "அன்னிக்கு அண்ணன் அழுதுட்டு இருந்துச்சு. அழறவர்கிட்ட போய், நீ சிரிக்கற படம் இருக்கு பாருன்னு நீட்டச் சொல்றியா?" சரி, அதற்கப்புறம் என்றேன். "அதுக்கப்புறம் அது அழறதை நிறுத்தவே இல்லியே. வெளியில தெரியாது, அவ்வளவுதான்," என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன எழுத, மச்சான்? படங்கள் நேர்முகமாக இருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று குழு விதி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்த மண்டபத்தில் ஏற்கனவே பதினெட்டுப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தொன்பதாவதாக ஒருவர் செருப்போடு நிற்கட்டும். மகன் சிரித்த படம் எந்த மண்டபத்திலும் இல்லை. உங்கள் அப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனவர். பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்புகிறேன், அவருடைய கடிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். குழு என்ன முடிவு செய்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஏற்பாடு செய்த கணினிப் படமும் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்காவுக்கு எங்கள் வணக்கங்கள். பேரப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வளர்ந்து, பரீட்சைகளில் தேறி, தூரமான ஊருக்குப் போனாலும் சிங்மிங்குக்கு வீடு திரும்புகிறவர்களாக இருக்கட்டும். இந்த வருஷக் கொழுந்துக்கு நல்ல விலை வரட்டும். உங்கள் முழங்கால்களுக்கு எங்களுடையதைவிட நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
துன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போகும்போது சூயுன் வாங்கிப் பார்த்தாள். இந்தக் கிறுக்கலை அண்ணன் இரண்டு கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது என்று சொல்லி, உட்கார்ந்து, எல்லாவற்றையும் தன் கையால் நகல் எடுத்துவிட்டாள். நான் பதினொரு நாள் எழுதியதை அவள் ஒரே காலையில் எழுதிவிட்டாள். ஆகவே மேலே இருப்பது எல்லாம் அவள் கை. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை என்கிறாள். அவள் எழுதுவது சேர்த்து எழுதும் எழுத்து, எங்கள் வகுப்பில் அதை இன்னும் எடுக்கவில்லை, அதனால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் என்னுடையதைவிட ஆறு வரி அதிகமாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். இந்தக் கோணல் வரிகள் மட்டும்தான் நான் எழுதியவை. மேலே என்ன சொல்லியிருந்தாலும் விட்டுவிடுங்கள். மூன்றாவது படம், மச்சான்.